அமெச்சூர் சொஃப்ட்போலுக்குத் தேசிய நிர்வாக அமைப்பு எதற்கு? ஆடுகிறவர்களும் ஒரு மைதானமும் போதாதா?

முதலில் ஒன்று. மட்டக்களப்பில் சொஃப்ட்போல் என்று சொன்னால் டென்னிஸ் பந்தில் ஆடும் மென்பந்து கிரிக்கெட் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கேட்டிருப்பது அது அல்ல, பேஸ்போலுக்குத் தங்கச்சி முறையான அமெரிக்க ஆட்டம். 12 அங்குலச் சுற்றளவுள்ள பந்தைக் கையைக் கீழால் சுழற்றி வீசுவார்கள். 60 அடிக்கு ஒரு தளமாகச் சுற்றி ஓட வேண்டும். 7 இன்னிங்ஸ். பள்ளிக்கூடத்தில் எல்லே என்ற நம் நாட்டுத் தடிப்பந்து ஆட்டம் ஆடியவர்களுக்குப் பாதி விளங்கிவிடும்.

நான் அந்த ஆட்டத்தை ஆடியதில்லை. எங்கள் மென்பந்துச் சுற்றுப்போட்டிகளில் பத்து வருடத்துக்கு மேலாக நடுவராக நிற்கிறேன். பெரியம்மாவின் மகன் அமெரிக்காவில் இருக்கிறார், அவருடைய மகள் அங்கே சொஃப்ட்போல் ஆடுகிறாள். அண்ணனோடு தொலைபேசியில் கதைத்துக் கதைத்துத்தான் உங்கள் கேள்விக்கு எனக்கொரு பதில் கிடைத்தது.

சில வருடங்களுக்கு முன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் ஓர் இறுதிப் போட்டி. நாணயம் சுண்டப் போகும் நேரத்தில் ஓர் அணித்தலைவன் ஓடிவந்தான். “அண்ணன், அவன் வெளியூர்க்காரன். ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கிறாங்க, இவன் மூணாவது.” விதிமுறை என்று தந்திருந்த போட்டோக்கொப்பித் தாளை எடுத்துப் பார்த்தேன். ‘வெளியூர் வீரர்கள் இருவர் மட்டும்’ என்றிருந்தது. வெளியூர் என்றால் என்ன என்று இல்லை. பையன் பிறந்தது அந்த ஊரில். கல்யாணம் முடித்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி, மனைவி வீட்டோடு பக்கத்து ஊருக்குப் போய்விட்டான். இப்போது அவன் எந்த ஊர்? மைதானத்தில் இருந்த ஆட்களெல்லாம் அதைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய ஏற்பாட்டுக் குழுத் தலைவர் ஓர் அணித்தலைவனுக்குத் தாய்மாமன். ஒன்றரை மணித்தியாலம் போயிற்று, வெளிச்சமும் போகத் தொடங்கியது. கடைசியில் நான்தான் ஆடட்டும் என்றேன். ஆட்டம் முடிந்து வந்து பார்த்தால் என் மோட்டார் சைக்கிள் சீற்றை யாரோ பிளேட்டால் நீளமாகக் கீறி வைத்திருந்தார்கள்.

இதை அண்ணனிடம் சொன்னபோது சிரித்தார். “இங்க ஒரு காலத்தில இதைவிட மோசம், வாசிச்சுப் பார்” என்றார். வாசித்தேன். 1887இல் சிக்காகோவில் ஒரு குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டிப் பந்தாக்கி, தும்புத்தடியால் அடித்து ஒரு மண்டபத்துக்குள் தொடங்கிய ஆட்டம் இது. பிறகு ஊருக்கு ஒரு பெயர்: கிட்டன் போல், மஷ் போல், டயமண்ட் போல். பந்தின் அளவும் ஊருக்கு ஊர் வேறு. 1933இல் சிக்காகோ உலகக் கண்காட்சியை ஒட்டி லியோ ஃபிஷர் என்ற பத்திரிகையாளரும் மைக்கேல் பாலி என்பவரும் ஒரு பெரிய சுற்றுப்போட்டி நடத்தினார்கள். ஊருக்கொரு விதியோடு வருகிற அணிகளை எப்படி மோத விடுவது? அந்தத் தலையிடியில் பிறந்ததுதான் அமெரிக்காவின் அமெச்சூர் சொஃப்ட்போல் சங்கம், இன்றைய யூஎஸ்ஏ சொஃப்ட்போல். சிக்காகோக்காரர்கள் மட்டும் இன்றைக்கும் 16 அங்குலப் பந்தைக் கையுறை இல்லாமல் பிடிக்கிறார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை.

சட்டப்படியான அந்தஸ்து 1978இல் வந்தது. அந்த வருடத்து அமெச்சூர் விளையாட்டுச் சட்டப்படி, ஒரு விளையாட்டுக்கு ஒரு தேசிய நிர்வாக அமைப்பை அங்கீகரிக்கும் உரிமை அமெரிக்க ஒலிம்பிக் குழுவுக்குக் கிடைத்தது. சொஃப்ட்போலுக்கு இந்தச் சங்கம். தேசிய அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்கிறது, கூடவே கடமைகளும் வருகின்றன. நிர்வாகத்தில் வீரர்களுக்கு வாக்குள்ள இடம் கொடுக்க வேண்டும். போட்டியில் பங்குபற்றும் உரிமை மறுக்கப்பட்டதாக ஒரு வீராங்கனை நினைத்தால், சங்கத்துக்கு வெளியே நடுத்தீர்ப்பாளரிடம் போகலாம். எனக்கு இதில் பிடித்ததே இந்த வெளியே என்ற சொல்தான். தாய்மாமனிடம் போக வேண்டியதில்லை.

ஒலிம்பிக் பதக்கமெல்லாம் மேலே தெரிகிற பகுதி. 1996, 2000, 2004 மூன்றிலும் தங்கம், 2008இல் ஜப்பானிடம் தோல்வி, டோக்கியோவிலும் அதே ஜப்பான். 2028 லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின் சொஃப்ட்போல் ஆட்டங்கள் வேறு மாநிலத்தில், சங்கத்தின் தலைமையகம் இருக்கிற ஒக்லஹோமா நகரில் நடக்கப்போகின்றன.

சின்ன ஊர்ப் போட்டியில் நிற்கும் பிள்ளைக்கு இந்தச் சங்கம் எப்படித் தெரிகிறது என்றால், துடுப்பில் இருக்கும் ஒரு முத்திரையாக. மெல்லிய சுவருள்ள உலோகத் துடுப்புகள், கலப்புப்பொருள் துடுப்புகள் பந்து பட்டதும் உள்ளே அமுங்கி உதைத்துத் தள்ளும். பெண்களின் வேகவீச்சு ஆட்டத்தில் பந்துவீச்சாளர் நிற்பது 43 அடியில். பந்து மணிக்கு 98 மைல் வேகத்தில் திரும்பி வந்தால் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள் முகத்துக்கு வந்துவிடும். 2004இலிருந்து சங்கத்தின் துடுப்புத் தரத்தில் அந்த 98தான் எல்லை, அதைத் தாண்டாத துடுப்புக்குத்தான் முத்திரை. ஆட்டத்துக்கு முன் நடுவர் ஒவ்வொரு துடுப்பையும் உருட்டி முத்திரையைப் பார்ப்பாராம். நான் இங்கே ஒருவனுடைய துடுப்பை வாங்கிப் பார்த்தால், “மறுகா என்னத்துக்கு அண்ணன், என்னில சந்தேகமா?” என்பான்.

எல்லாம் அந்த ஒரு சங்கத்தின் கையில்தான் என்றும் நினைக்க வேண்டாம். கல்லூரி ஆட்டம் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கையில், உயர்தரப் பாடசாலைகள் வேறொரு சம்மேளனத்தின் கையில். 1968இல் தொடங்கிய யு.எஸ்.எஸ்.எஸ்.ஏ. என்ற இன்னோர் அமைப்பு தனியாகச் சுற்றுப்போட்டி நடத்துகிறது, அதற்கு வேறு முத்திரை. அண்ணன் பதிவுக் கட்டணம், காப்புறுதி, பயிற்றுநர்களின் பின்னணிச் சோதனை என்று முணுமுணுப்பார். கடைசியாகச் சொன்னதில் மட்டும் நான் அவரோடு உடன்படுவதில்லை. பிள்ளைகளை ஒப்படைக்கிற இடத்தில் அந்தச் சோதனை வேண்டும்.

இலங்கையிலும் 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் தேசியச் சங்கங்களைப் பதிவுசெய்கிறது. பேஸ்போலுக்கும் சொஃப்ட்போலுக்கும் சேர்த்து இங்கே ஒரு சங்கம் உண்டு. ஆனால் நம்முடைய பக்கம் ஆட்டம் வேரூன்றவில்லை. மட்டக்களப்பு வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த அருட்தந்தை வெபர் அமெரிக்க இயேசு சபைத் துறவிதான். அவர் இங்கே வளர்த்தது வேறு விளையாட்டுகளை.

போன மாதம் அந்தப் படுவான்கரைக் கழகம் திரும்பவும் நடுவராக நிற்கக் கேட்டது. முதலில் விதிமுறைத் தாளை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். திருத்தியிருக்கிறார்கள்: வாக்காளர் இடாப்பில் எந்த ஊரில் பெயர் இருக்கிறதோ அதுவே வீரனின் ஊர். நல்லது என்று கீழே வாசித்தேன். கடைசி வரி மாறவில்லை: ‘ஏற்பாட்டுக் குழுத் தலைவரின் முடிவே இறுதியானது.’ தலைவரும் மாறவில்லை. வருகிறேன் என்று இன்னும் நான் சொல்லவில்லை.