அந்த ஃபார்ம்ல யார் நம்பர்?

கேள்வி: எனக்கு 48 வயசு, கோயம்புத்தூர். ஸ்கூல் நாள்ல இருந்தே சைக்கிள்ல பறக்கற ஆளு. பிஆர்எம்னு சொல்ற, குறிச்ச டைமுக்குள்ள முடிக்கற நெடுந்தூர சைக்கிள் ரைடுல 200, 300, 400 கிமீ முடிச்சாச்சு, அடுத்து 600. 2027ல பிரான்ஸ்ல நடக்கற பெரிய ரைடு, பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் போகணும். வால்பாறை இறக்கத்துல 68 கிமீ ஸ்பீடு தொட்டிருக்கேன். ஒவ்வொரு ரைடுக்கும் மனைவியோட சண்டை. (பயந்துடுவான்னு ரைடு ஃபார்ம்ல எமர்ஜென்சி கான்டாக்டுக்குக் கூட, என்னோட ரைடு வர்ற ஃப்ரெண்ட் நம்பரத்தான் குடுத்திருக்கேன்.) என் பேஷன அவளுக்கு எப்படி புரிய வைக்கறது?

பதில்: தம்பி, பேஷன் கெடக்கட்டும். பிராக்கெட்டுக்குள்ள ஒரு வரி போட்டீங்களே, அத மூணு தரம் படிச்சேன். கூடவே ரைடு வர்ற ஆளு நம்பர்! நைட்டு ரெண்டு மணிக்கு தாராபுரம் தாண்டி ஒரு லாரி உங்கள தட்டிட்டுப் போனா, ஆர்கனைசர் கூப்பிடப் போறது அதே ரோட்ல இருவது கிலோமீட்டர் முன்னாடி மிதிச்சிட்டு இருக்கற மனுஷன, அவரு சார்ஜ் நிக்கணும்னு ஃபோன ஆஃப் பண்ணி பையில போட்டிருந்தாருன்னா? 600ன்னா தூங்கறது சாப்பிடறது எல்லாம் சேர்த்து 40 மணி நேரம், கன்ட்ரோல்னு சொல்ற செக்பாயின்ட் தவிர நடுவுல சப்போர்ட் வண்டியும் கூடாதுங்கறது ரூல். இவ்ளோ தெரிஞ்ச நீங்க அந்த ஒரு கட்டத்த மட்டும் இப்படி நிரப்பியிருக்கீங்க.

பயந்துடுவாங்களாம். நீங்க கிளம்பின நிமிஷத்துல இருந்து அந்தப் பொண்ணு பயந்துட்டுத்தான் இருக்கு, உங்க ஃபார்மால அது ஒரு துளி கூட குறையல, வீட்ல இருந்து ஃபோன் வராம நீங்கதான் நிம்மதியா மிதிக்கறீங்க.

எங்கப்பா லாரி ஓட்டினவரு. நாக்பூர் லோடுன்னா வழியில எங்க நின்னாலும் எதிர்வீட்டு மளிகைக்கடைக்கு ட்ரங்க் கால் போடுவாரு, அம்மா அடுப்ப அப்படியே விட்டுட்டு ஓடும், பேசறது அர நிமிஷம், அதுலயும் பாதி "கேக்குதா, கேக்குதா"தான். அம்மா அவர போகாதீங்கன்னு சொல்லி நான் கேட்டதில்ல. நீங்க கன்ட்ரோலுக்கு கன்ட்ரோல் கார்டுல சீலும் டைமும் வாங்கறீங்க, அது இந்த ரைடுகள அங்கீகரிக்கற பாரிஸ் கிளப்பு வரைக்கும் போய் பதிவாகுது. முகம் தெரியாத பாரிஸ்காரனுக்கு எத்தன மணிக்கு எங்க இருந்தேன்னு கணக்கு ஒப்பிக்க முடியுது, கட்டினவளுக்கு ஒப்பிச்சா என்ன கொறஞ்சுடும்? குடும்பம் வச்சிருக்கறவன் எங்க இருக்கான்னு வீட்டுக்குத் தெரியணும், என் கணக்குல அதுல பேரமே கிடையாது.

சைக்கிள விடுங்கன்னு நான் சொல்லமாட்டேன், 48 எல்லாம் ஒரு வயசா. ஆனா நாப்பது கொண்டை ஊசி இருக்கற மலையில 68ல எறங்கினத பெருமையா எழுதறது, எதிர்ல பஸ்சு வளைஞ்சு வருதான்னு பாக்காத இருவது வயசுப் பையன் பேச்சு, அத இதோட நிறுத்திக்கங்க.

இன்னிக்கே ஆர்கனைசருக்கு மெசேஜ் போட்டு நம்பர மாத்துங்க. மாத்தினத உங்க வீட்டம்மாகிட்ட சொல்லும்போது இவ்ளோ நாளா யார் நம்பர் இருந்துச்சுன்னும் சேர்த்து சொல்லணும், திட்டு விழும், வாங்கிக்கங்க. ரூட்டையும் கன்ட்ரோல் எங்கெங்கன்னும் ஒரு பேப்பர்ல எழுதி ஃப்ரிட்ஜ் மேல ஒட்டிட்டு, ஒவ்வொரு சீலுக்கும் ஒரு கால் போடுங்க, ரெண்டு நிமிஷம் போனா போகட்டும். ஆமா, அந்த ஃப்ரெண்டு யார் நம்பர குடுத்திருக்காரு, உங்களோடதா? அவர் வீட்டம்மாகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.