பட்டம் இல்லாவிட்டால் நம்ப மாட்டார்களா?

கேள்வி: பட்டமோ பதவியோ இல்லாத நான் மகளிர் குழுக் கூட்டத்தில் பேசினால் நம்புவார்களா?
– வாசகி, தேனி

பதில்: தாராளமாக நம்புவார்கள். 1986-ல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததை விசாரித்த குழுவில் இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் இருந்தார். நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பெயரை வைத்தே பேசியிருக்கலாம். அவரோ, ராக்கெட் மூட்டில் போடும் ரப்பர் வளையத்தின் துண்டு ஒன்றைக் கிடுக்கியில் இறுக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டார். எடுத்துத் தளர்த்தியபோது ரப்பர் உடனே பழைய வடிவத்துக்குத் திரும்பவில்லை. விபத்துக்குக் காரணமான அந்தக் குறையை, குளிரில் ரப்பர் விறைப்பதை, எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். அதற்கு மேல் அவர் பெரிதாக முழங்கவில்லை, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, நீங்கள் குழுவின் பாஸ்புக்கோடு போங்கள். வட்டி, தவணை எல்லாவற்றையும் திறந்து காட்டியே பேசுங்கள். பதில் தெரியாத கேள்வி வந்தால், வங்கியில் விசாரித்து அடுத்த கூட்டத்தில் மறக்காமல் சொல்லுங்கள்.