செயற்கை என்ற சொல்

கேள்வி: டெல்லியில் 2025 அக்டோபர் 28 அன்று விமானத்தில் சென்று ரசாயனம் தூவியும் மழை பெய்யவில்லை. அறிவியல் இத்தனை வளர்ந்த பிறகும் செயற்கை மழையை வேண்டிய இடத்தில் பெய்விக்க முடியாதது ஏன்?
– வாசகர் ஒருவர், தாராபுரம்.

பதில்: உங்கள் கேள்வியில் 'செயற்கை' என்ற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டெல்லியின் ஏமாற்றம் முழுவதும் அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. செயற்கைப் பட்டு என்றால் மனிதர் செய்து முடித்த பொருள். மழையை அப்படி இதுவரை எவரும் செய்ததில்லை. இதை முன்பு இதே பக்கத்தில் எழுதியபோது, ஒரு சொல்லுக்காக இவ்வளவு வாதாட வேண்டுமா என்று சிலர் கோபித்துக்கொண்டார்கள். வாதாடத்தான் வேண்டும், அந்தச் சொல்லை நம்பித்தான் பொதுப் பணம் வானத்துக்குப் போகிறது.

மேகத் துளி ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர். காற்றில் ஒரு தூசியோ கடல் உப்பின் துகளோ இருந்து, அதன்மேல் நீராவி படிந்தால்தான் அத்துளியும் உருவாகும். 2 மில்லிமீட்டர் அளவுள்ள மழைத்துளி ஒன்று திரள, இப்படிப்பட்ட பத்து லட்சம் துளிகளின் நீர் ஒன்றுசேர வேண்டும். அடுத்த மழையில், தாம்பாளத்தில் ஒரு விரற்கடை உயரம் மைதா மாவைப் பரப்பி, சில நொடிகள் முற்றத்தில் நீட்டி எடுத்துப் பாருங்கள். விழுந்த ஒவ்வொரு துளியும் மாவில் ஓர் உருண்டையாகத் திரண்டிருக்கும். காயவைத்துச் சலித்தால் கடுகளவும் மிளகளவுமாகக் கையில் உதிரும். அமெரிக்காவின் வெர்மான்ட்டில், பனிப்படிகங்களைப் படமெடுத்துப் பெயர்பெற்ற வில்சன் பென்ட்லி என்ற விவசாயி, நூறாண்டுகளுக்கு முன்பே இவ்வாறுதான் மழைத்துளிகளை அளந்தார். அந்தக் கடுகளவு உருண்டைக்குள் எத்தனை மேகத் துளிகள் அடங்கியிருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், வெறும் வானத்தில் விமானம் விட்டு மழை கேட்பது எவ்வளவு பெரிய கோரிக்கை என்பது விளங்கும்.

மனிதர் தலையிடக்கூடிய முக்கியமான இடம் ஒன்று உண்டு. உயரமான மேகங்களில் நீர், உறைநிலைக்குப் பல டிகிரி கீழே குளிர்ந்த பிறகும், பற்றிக்கொள்ள ஒரு கரு கிடைக்காததால் உறையாமல் நீராகவே மிதக்கும். 1946 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடியில், ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தைச் சேர்ந்த வின்சென்ட் ஷேஃபர், கறுப்பு வெல்வெட் விரித்த உறைபெட்டிக்குள் மூச்சை ஊதிச் சிறு மேகங்களை உண்டாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி போதிய அளவு குளிரவில்லையே என்று உலர்பனிக்கட்டி (உறைந்த கரியமில வாயு) ஒன்றை உள்ளே வைத்ததும், மூச்சு மேகம் முழுவதும் மினுமினுக்கும் பனிப்படிகங்களாக மாறிற்று. அந்த நவம்பர் 13 அன்று மாசசூசெட்ஸ் வானில் ஒரு மேகத்தின்மேல் அவர் உலர்பனியைத் தூவினார். பனி விழுந்தது, ஆனால் தரையைத் தொடும் முன்பே ஆவியாகிவிட்டது. படிக அமைப்பில் பனிக்கட்டியை ஒத்திருப்பதால் அந்த நீர் உறையக் கருவாகக்கூடிய சில்வர் அயோடைடை அவருடைய சக ஆய்வாளர் பெர்னார்ட் வானெகட் அதே ஆண்டு கண்டறிந்தார். இன்றும் விமானங்களில் பெரும்பாலும் அதுவே ஏற்றப்படுகிறது.

ஆகவே இந்தத் தொழிலுக்கு 'மேக விதைப்பு' என்பதே நேர்மையான பெயர். விதைக்கு ஈரம் வேண்டும் என்பது தாராபுரத்துக்காரரான உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிலத்திலாவது புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்கலாம்; தூவிய துகளோ காற்றோடு போய்விடும். டெல்லியில் அன்று மேகத்தின் ஈரப்பதம் 15 முதல் 20 சதவீதமே இருந்தது என்று, அச்சோதனையை நடத்திய கான்பூர் ஐ.ஐ.டி.யே தெரிவித்தது. புகையைக் கழுவ வேண்டும் என்ற அவசரம் எனக்கும் புரிகிறது; அந்நகரத்துக் குழந்தைகள் மூச்சுவிடும் காற்றை எண்ணினால் எவருக்கும் அந்த அவசரம் வரும். ஆனால் புகை மிகும் அந்த மாதங்களில் அங்கே வானம் பெரும்பாலும் வறண்டே கிடக்கிறது.

ஈரம் இருந்தாலும் இன்னொரு கேள்வி மிஞ்சும்: விதைக்காமல் விட்டிருந்தால் அந்த மேகம் தானாகவே பெய்திருக்காதா? 2017 ஜனவரியில் அமெரிக்காவின் ஐடஹோ மலைகளின்மேல் விமானம் வளைந்து வளைந்து பறந்த தடத்திலேயே, அதே வளைவுகளோடு பனிப்பொழிவு ரேடாரில் கோடாகத் தெரிந்தது. ஐயத்துக்கு இடமில்லாத அத்தகைய சான்று மிக அரிது. இஸ்ரேல் பல பத்தாண்டுகள் மேகங்களை விதைத்தது. பின்னர் 2013 முதல் 2020 வரை முறையாகச் சோதித்தபோது கிடைத்த கூடுதல் மழை 1.8 சதவீதம் மட்டுமே, அதையும் தற்செயலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை என்றானதும் திட்டத்தையே நிறுத்திவிட்டது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் சோலாப்பூரில், சில மேகங்களை விதைத்தும் சிலவற்றை ஒப்பீட்டுக்காக விதைக்காமல் விட்டும் சோதித்து, சராசரியாக 18 சதவீதம் கூடுதல் மழையைக் கண்டது. அதுவும் தகுந்த மேகங்களைத் தேர்ந்தெடுத்து விதைத்ததால் கிடைத்தது. அடுத்த முறை எந்த அரசு விமானம் அனுப்பினாலும், எத்தனை மேகங்களை விதைக்காமல் விட்டு ஒப்பிடப்போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.