செவ்வாயின் நிறம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செவ்வாயில் அலைந்த ஊர்திகளின் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஆப்பர்சூனிட்டி எடுத்த ஒரே காட்சியின் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களை இறக்கி, சிவப்பு, பச்சை, நீலம் என்று அடுக்கிச் சேர்த்தேன். வானம் பச்சையாக வந்தது. ஊர்தியின் மேல்தளத்தில் உள்ள நீல வண்ண வில்லை இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. நாசா நிறத்தை மாற்றி வெளியிடுகிறது என்கிறார்கள் நண்பர்கள். உண்மையான நிறம் எங்கே இருக்கிறது?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த நீல வில்லையை நீங்கள் கவனித்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. 2004 ஜனவரியில் ஆப்பர்சூனிட்டியின் இரட்டையான ஸ்பிரிட் ஊர்தி செவ்வாயில் இறங்கிய சில நாட்களிலேயே பலர் அதைக் கவனித்தார்கள். உங்கள் நண்பர்கள் சொல்வதையே அன்றும் சொன்னார்கள்.

பான்கேம் என்ற அந்தக் கேமராவுக்கு நிறம் தெரியாது. 1024க்கு 1024 பிக்சல் கொண்ட அதன் உணரி ஒளியின் அளவை மட்டுமே பதியும். அதற்கு இடது, வலது என்று இரண்டு கண்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் எட்டு இடங்கள் கொண்ட வடிகட்டிச் சக்கரம் சுழன்றது. இடக்கண்ணின் இரண்டாம் வடிகட்டி விடும் ஒளியின் அலைநீளம் 753 நானோமீட்டர், அதாவது அகச்சிவப்பின் வாசல். பாறைகளை வேறுபடுத்தி அறிய உதவும் என்பதால் அதில் ஏராளமான படங்கள் எடுத்தார்கள். நீல வில்லையின் நிறமி அகச்சிவப்பைப் பலமாகத் திருப்பி அனுப்பக்கூடியது. அந்தப் படத்தைச் சிவப்பின் இடத்தில் வைத்தால் நீலம் சிவந்துதான் போகும். நிறத்தைச் சரிபார்க்கவென்றே அந்த வில்லைகளைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். நடுவில் ஒரு சிறு கம்பமும் உண்டு. அதன் நிழலுக்குள் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று அளந்தால், புழுதி வானம் எவ்வளவு ஒளியைச் சிதறடிக்கிறது என்பது தெரிந்துவிடும். மறைக்க நினைப்பவர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

பச்சை வானத்துக்குக் காரணம் வேறு. நீங்கள் எடுத்தவை உடனடிப் பார்வைக்கு வைக்கப்படும் ஜேபெக் படங்கள். ஒவ்வொரு படத்திலும் இருண்டதைக் கறுப்புக்கும் பிரகாசமானதை வெள்ளைக்கும் ஒரு நிரல் இழுத்துவிடுகிறது. பார்க்கத் தெளிவாக இருக்கும். ஆனால் மூன்று படங்களுக்கும் மூன்று அளவுகோல். மூன்று கடைகளில் மூன்று விதப் படிக்கல்லால் நிறுத்த அரிசியைக் கூட்டிச் சொன்னால் அந்த எடைக்கு என்ன பொருள்?

நீங்கள் போகவேண்டிய இடம், பி.டி.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் நாசாவின் கோள் தரவுக் காப்பகம். அதன் புவியியல் பிரிவு செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்குகிறது. கட்டணம் கிடையாது. அங்கே கோப்பின் பெயரே ஒரு ஜாதகம். முதல் எண் 1 என்றால் ஆப்பர்சூனிட்டி, 2 என்றால் ஸ்பிரிட். அடுத்த எழுத்து கேமராவைச் சொல்லும். பி என்றால் பான்கேம். அதன்பின் வரும் ஒன்பது இலக்கங்கள் 2000 ஜனவரி 1 நண்பகலிலிருந்து ஓடிய விநாடிகள். பெயரின் கடைசிப் பகுதியில் எல்2, எல்5 என்று கண்ணும் வடிகட்டியும் இருக்கும். எல் என்றால் இடக்கண், எண் வடிகட்டியைச் சொல்லும். உங்கள் மூன்று படங்களின் விநாடிகளை ஒப்பிட்டுப் பாருங்கள். அவை ஒரே கணத்தில் எடுத்தவை அல்ல என்பது புரியும். நிழல்களின் ஓரத்தில் சில நேரம் வானவில் போல நிறம் பிரிவது அதனால்தான்.

கோப்பின் தலைப்பகுதியில் லேபிள் இருக்கிறது. படத்தைத் திறக்கும் முன் அதைப் படியுங்கள். இதை நான் வற்புறுத்தியே சொல்வேன். எவ்வளவு நேரம் ஒளியை வாங்கியது, சூரியன் எந்த உயரத்தில் இருந்தது, எல்லாம் சாதாரண எழுத்தில் இருக்கும். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கறுப்பிலிருந்து வெள்ளை வரை கேமரா பதிந்தது 4096 படிகள். செய்தியைச் சுருக்கி அனுப்புவதற்காக அதை ஏறக்குறைய வர்க்கமூல விகிதத்தில் 256 படிகளாக மடித்தார்கள். அதைப் பிரிக்காமல் கூட்டிக் கழித்தால் கணக்கு தப்பும். தொடக்கத்தில் இந்தச் சிரமம் வேண்டாம் என்றால், அறிவியல் குழுவே ஒளியளவுக்கு மாற்றித் தந்த கோப்புகளை எடுங்கள். பிக்சலை எந்த எண்ணால் பெருக்கி எதைக் கூட்டவேண்டும் என்பது லேபிளிலேயே உண்டு. படமாக மாற்ற ஜிடால் என்ற இலவச மென்பொருள் போதும். சிவப்புக்கு எல்4, பச்சைக்கு எல்5, நீலத்துக்கு எல்6 வையுங்கள்: 601, 535, 482 நானோமீட்டர். மூன்றுக்கும் ஒரே அளவுகோல். வானம் வெண்ணெய் கலந்த பழுப்பில் வரும், நீல வில்லை நீலமாகும்.

அப்போதும் அது நம் கண்ணுக்கு நெருங்கிய நிறம் மட்டுமே. மூன்று குறுகிய ஜன்னல்கள் வழியாகப் பார்த்ததை நம் திரைக்கு ஏற்ப ஒருவர் தீர்மானிக்கிறார். அந்தத் தீர்மானத்தைத் தவறென்று நான் நினைக்கவில்லை, சொல்லாமல் விடுவதுதான் தவறு. நீங்கள் செய்யும் ஒவ்வொரு படத்துக்கும் கீழே வடிகட்டி எண்களை எழுதிவிடுங்கள்.

ஆப்பர்சூனிட்டியின் கடைசி அகலக்காட்சியையும் எடுத்துப் பாருங்கள். 2018 மே 13 முதல் ஜூன் 10 வரை, எண்டெவர் பள்ளத்தின் உட்சரிவில் எடுத்த 354 படங்கள் சேர்ந்தது அது. அதன்பின் கோள் முழுவதும் சூழ்ந்த புழுதிப்புயலில் ஊர்தி பேசாமல் போனது. அந்தக் காட்சியின் இடது கீழ் மூலை மட்டும் கறுப்பு வெள்ளையாகவே நிற்கிறது. பச்சை, ஊதா வடிகட்டிகளில் அந்த இடத்தை எடுக்க ஊர்திக்கு நேரம் கிடைக்கவில்லை. யாரும் அதற்கு வண்ணம் பூசவில்லை. காப்பகத்தில் அந்த இடத்தின் கோப்புகளைத் தேடினால் எல்2 இருக்கும், எல்5, எல்7 இருக்காது.

அன்புடன்