ஒன்பதா, முப்பத்தெட்டா? கைத்துப்பாக்கி வாங்குவோர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆறு மாதமாகச் சங்கத்துத் துப்பாக்கியில் சுட்டுப் பழகி வருகிறேன். சொந்தமாக ஒரு பிஸ்டல் வாங்க ஆசை. மாடலைத் தேர்ந்தெடுத்துவிட்டு லைசென்ஸுக்கு மனு போடுவதா, லைசென்ஸ் வந்த பிறகு கடைக்குப் போவதா? முதல் துப்பாக்கி எந்த காலிபரில் இருக்கலாம்?
— பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்

பதில்: பார்ப்பதற்கு முதலிலேயே போகலாம், பணம் கட்டத்தான் கூடாது. மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் என்பது துப்பாக்கி வைத்துக்கொள்ளப் பொதுவாகத் தரப்படும் அனுமதி அல்ல. எந்த ஆயுதம், எந்த காலிபர் (குழலுக்கும் தோட்டாவுக்கும் உரிய அளவு), எத்தனை தோட்டா என்று குறித்துத்தான் தருவார்கள். மாநிலப் போலீஸ் தலைவர் மறுக்கவும் செய்யலாம். அதனால் கடைக்காரர் முன்பணம் கேட்டால், அனுமதி கிடைக்காவிட்டால் முழுத்தொகையும் திருப்பித் தரப்படும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலிபர் பிடிக்கவில்லை என்று அடுத்த மாதமே மாற்ற முடியாது. வேறு காலிபரில் ஓர் உதிரிக் குழல் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கியின் உறுப்பும் ஆயுதம்தான். ஏர் பிஸ்டலும் அப்படியே. 'காற்றுத் துப்பாக்கிதானே' என்ற சமாதானம் செல்லாது.

எந்த காலிபர் என்பதை நீங்கள் சுடப்போகும் போட்டியே முடிவு செய்துவிடும். ஒலிம்பிக் வகை 25 மீட்டர் பிஸ்டல் என்றால் .22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா மட்டுமே. துப்பாக்கியின் எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது, டிரிகர் 1,000 கிராமுக்குக் குறைந்த இழுப்பில் விழக் கூடாது. 10 மீட்டர் என்றால் 4.5 மி.மீ. ஏர் பிஸ்டல். ஓடி ஓடிச் சுடும் ஐ.பி.எஸ்.சி. போட்டிக்குக் குறைந்தது 9×19 மி.மீ. வேண்டும். இன்னும் முடிவெடுக்காதவர் .22-இல் தொடங்குவதே நல்லது. உதை குறைவு, தோட்டாவும் மலிவு. பெரிய காலிபரில் தொடங்குபவர், வெடிக்கும் முன்பே கண்ணை மூடிக் கையைக் கீழே தள்ளும் பழக்கத்தையும் கூடவே வாங்கிவிடுகிறார். அதை மறக்கடிக்கப் பிறகு ஆயிரம் தோட்டா செலவாகும்.

.22-இல் இரண்டு விஷயம் கவனம். அதன் பிரைமர் மருந்து, அதாவது தட்டியதும் பற்றும் மருந்து, தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடிவிளிம்பைச் சுற்றிப் பூசப்பட்டிருக்கும். ஓரிடத்தில் பூச்சு இல்லாமல் போனால் தோட்டா வெடிக்காது. அப்படி நடந்தால் குழலை இலக்கின் பக்கமே நீட்டி, குறைந்தது 30 விநாடி அசையாமல் காத்திருங்கள். தாமதித்து வெடிப்பதும் உண்டு. பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். அடுத்தது, வெற்றுத் துப்பாக்கியில் டிரிகரை இழுத்துப் பழகுவது. பல .22 துப்பாக்கிகளில் பிரைமரைத் தட்டும் ஊசி நேராகச் சேம்பரின் (தோட்டா அமரும் அறையின்) விளிம்பில் மோதி அதை நசுக்கிவிடும். தயாரிப்பாளர் கையேடு அனுமதிக்காதவரை வேண்டாம்.

கேள்வி: 9 மி.மீ., .38, .380, .357, .45 என்று பெயர்களைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. .380-உம் .38-உம் ஒன்றா? .357-ஐ விட .38 பெரியதா? இவற்றில் எதற்குச் சக்தி அதிகம்?
— ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: உங்கள் ஊர் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் இப்போது யாரும் சுடுவதில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. தோட்டாக்களின் பெயரும் கிட்டத்தட்ட அதே கதை. பாதிப் பெயர்கள் இன்றைய அளவைச் சொல்வதில்லை.

.38 ஸ்பெஷல் 1898-இல் வந்தது. அதன் குண்டின் விட்டம் .38 அங்குலம் அல்ல, .357 அங்குலம்தான், அதாவது 9.07 மி.மீ. பழைய காலத்தில் குண்டும் கூடும் ஒரே பருமனில் இருந்தன; .38 என்பது அந்தக் கூட்டின் வெளிவிட்டத்தை ஒட்டி வந்த எண். குண்டு பின்னாளில் கூட்டுக்குள் நுழைந்து மெலிந்தது, பெயர் மெலியவில்லை. 1935-இல் வந்த .357 மேக்னமும் அதே விட்டம்தான். வித்தியாசம் அழுத்தத்தில் இருக்கிறது: .38-க்குச் சதுர அங்குலத்துக்கு 17,000 பவுண்டு உச்சம், .357-க்கு 35,000. பழைய .38 ரிவால்வருக்குள் தவறி நுழைந்துவிடக் கூடாது என்றே மேக்னத்தின் கூட்டை 3.4 மி.மீ. நீட்டி வைத்தார்கள். ஆகவே .357 ரிவால்வரில் .38-ஐச் சுடலாம், மாற்றிச் சுட முடியாது. .38-ஐயே தொடர்ந்து சுட்டால் சேம்பருக்குள் ஒரு கரி வளையம் படியும். பிறகு நீளமான .357 உள்ளே போக அடம்பிடிக்கும். அதைக் கட்டைவிரலால் அழுத்தித் திணிக்காமல் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்தெடுங்கள்.

.380 வேறு சாதி. பிஸ்டலுக்காக 1908-இல் வந்தது, மற்றொரு பெயர் 9×17. குண்டின் விட்டம் 9×19-இன் விட்டமே. கூடு இரண்டு மி.மீ. குட்டை, மருந்தும் குறைவு. ரஷ்ய மக்காரோவின் 9×18 இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுபோல் தெரிந்தாலும் அதன் குண்டு 9.25 மி.மீ. பருமன். 'ஒன்பது' என்று மட்டும் சொல்லித் தோட்டா வாங்குபவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். குழலில் பொறித்திருப்பது, பெட்டியில் அச்சிட்டிருப்பது, தோட்டாவின் அடியில் முத்திரையிட்டிருப்பது, லைசென்ஸில் எழுதியிருப்பது ஆகிய நான்கும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். சுடுதளத்தில் ஒரே மேசையில் இரண்டு காலிபர் இருந்தால் ஒன்றைப் பைக்குள் வைத்துவிடுங்கள். .40 பிஸ்டலுக்குள் 9 மி.மீ. தோட்டா போய்விட்டால் வெடிக்கவும் கூடும். அப்போது தளர்வாக இருக்கும் கூடு கிழியும், குண்டு குழலுக்குள் பிடிப்பில்லாமல் தத்தளித்துக் குறுக்காகப் போய் விழும்.

சக்திக்கு வருவோம். வழக்கமான தோட்டாக்களின் தோராயக் கணக்கு இது. 9×19 என்றால் 8 கிராம் குண்டு விநாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் ஏறக்குறைய 460 ஜூல் ஆற்றல். .45 ஏ.சி.பி.யில் 14.9 கிராம் குண்டு, 255 மீட்டர், 480 ஜூல் சுமார். .38 ஸ்பெஷல் 10.2 கிராம், 230 மீட்டர், 270 ஜூல். .380-இல் 6.2 கிராம், 290 மீட்டர், 260 ஜூல். .22 எல்.ஆர். பிஸ்டலிலிருந்து 120 ஜூல் பக்கம். முதல் இரண்டையும் பாருங்கள், ஆற்றல் கிட்டத்தட்ட சமம். ஆனால் கை உணரும் உதை ஆற்றலைப் பொறுத்தது அல்ல. குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி வரும் உந்தத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்கில் .45 நாற்பது சதவீதம் கூடுதலாக உதைக்கும். அதே அளவுப் பிடிக்குள் குறைவான தோட்டாதான் கொள்ளும், விலையும் கூடுதல்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இந்த வட்டத்தை முழுதாகச் சுற்றி வந்தது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு 9 போதாது என்று 10 மி.மீ.க்குப் போனார்கள். அதன் உதை தாங்காமல், 1990-இல் வந்த .40-க்கு இறங்கினார்கள். 2010களின் நடுவில் மறுபடி 9-க்கே திரும்பினார்கள். குண்டுகளின் தயாரிப்பு முன்னேறியது ஒரு காரணம், ஆட்கள் 9-ஐத்தான் வேகமாகவும் குறி தவறாமலும் சுட்டார்கள் என்பது மற்றொன்று. தொழில்முறைக்காரர்களே அங்கு வந்து நின்ற பிறகு, வார இறுதியில் சுடுபவர் .45-க்காக வாதாடுவது வெறும் ஆசை. ஆசைக்கு வாங்குவதில் தப்பில்லை, காரணம் கற்பிக்காமல் வாங்கலாம்.

போட்டிக்காரருக்கு ஒரு கணக்கு: ஐ.பி.எஸ்.சி.யில் குண்டின் எடையை கிரெய்னிலும் (ஒரு கிரெய்ன் 0.065 கிராம்) வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்து, பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். 124 கிரெய்ன் குண்டு 1,050 அடி வேகத்தில் போனால் 130. மைனர் எனும் குறைந்த சக்திப் பிரிவுக்கு 125 வேண்டும். அதற்குக் கீழே போனால் சுடலாம், மதிப்பெண் கிடையாது. குட்டைக் குழல் பிஸ்டலில் மென்மையான தோட்டா போட்டுச் சுடுபவர்கள் இந்த ஐந்து புள்ளி இடைவெளியில்தான் வழுக்கி விழுகிறார்கள். பெட்டியில் போட்டிருக்கும் வேகம் நீளமான சோதனைக் குழலில் அளந்ததாக இருக்கலாம். உங்கள் துப்பாக்கியிலேயே அளந்து பாருங்கள்.

கேள்வி: மஸ்ஜித் இந்தியாவில் நகைக் கடை வைத்திருக்கிறோம். அப்பாவின் ரிவால்வர் பழுதாகிவிட்டது. அதற்குப் பதிலாக என் பெயரில் வேறொன்று வாங்க மனு செய்திருக்கிறோம். எனக்குக் கை சிறியது. எடை குறைந்த ஐந்து தோட்டா ரிவால்வர்தான் எனக்குத் தோது, ரிவால்வர் சிக்கவே சிக்காது என்கிறார் அண்ணன். சரிதானா?
— கோலாலம்பூர் வாசகி

பதில்: சிறிய கைக்குச் சிறிய துப்பாக்கி என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. சுட்டுப் பார்த்தால் தலைகீழ்.

அலுமினிய உடல் கொண்ட ஐந்து தோட்டா .38 ரிவால்வர் காலியாக 415 கிராம் பக்கம் இருக்கும், தோட்டா நிரப்பினால் அரைக் கிலோ. கிளாக் 19 போன்ற 9 மி.மீ. பிஸ்டல் நிரப்பிய நிலையில் 850 கிராம். .38-இன் உந்தம் 9-ஐ விடக் குறைவுதான். ஆனாலும் அந்த லேசான ரிவால்வர் ஒன்றரை மடங்கு வேகத்தில் உள்ளங்கையை நோக்கிப் பின்வாங்கும். அதன் பிடியோ இரண்டு விரலுக்குத்தான் காணும். டிரிகர் இன்னொரு தொல்லை. சுத்தியலை முன்கூட்டியே இழுத்து வைக்காமல் நேராக டிரிகரை இழுத்தால் 4.5 முதல் 5.5 கிலோ இழுப்பு வேண்டும். அரைக் கிலோ பொருளை அசையாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஐந்து கிலோ இழுக்க வேண்டும் என்றால் குறி எங்கே நிற்கும்? பிஸ்டலில் இது இரண்டரைக் கிலோ அளவில் முடிந்துவிடும்.

'சிக்காது' என்பதும் பாதி உண்மை. தோட்டா வெடிக்காவிட்டால் டிரிகரை மறுபடி இழுத்தாலே அடுத்தது வந்துவிடும். அது ரிவால்வரின் பெரிய வசதி. ஆனால் அது சிக்கும்போது கையால் தீராது. காலிக் கூடு ஒன்று, கூடுகளை வெளியே தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தின் கீழே போய் மாட்டும். அந்த நட்சத்திரத்தைத் தள்ளும் எஜெக்டர் கம்பியின் மறை கழன்று நீண்டுகொண்டு, தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைத் திறக்க விடாது. லேசான ரிவால்வரின் கடும் உதையில் மிச்சத் தோட்டாக்களின் குண்டு கூட்டிலிருந்து முன்னே நகர்ந்து சிலிண்டரைச் சுழல விடாமல் பூட்டும். பிஸ்டல் அடிக்கடி சிக்கலாம். பெரும்பாலும் மேகசினை (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியை) தட்டி, ஸ்லைடை (முன்பின் நகரும் மேல்பகுதியை) இழுத்துவிட்டால் சரியாகிவிடும். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடிப்பவருக்குக் காலிக் கூடு வெளியேறாமல் புகைபோக்கிபோல் நட்டுக்கொண்டு நிற்கும். அதற்குத் துப்பாக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ரிவால்வர்தான் வேண்டும் என்றால் நான்கு அங்குலக் குழல், எஃகு உடல், ஆறு தோட்டா, 900 முதல் 1,000 கிராம் எடை உள்ளதை எடுத்துப் பாருங்கள். எதை எடுத்தாலும் கடையில் இப்படிச் சோதிக்கலாம்: காலியாக இருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் தனித்தனியே உறுதிசெய்த பிறகு, துப்பாக்கி முன்கையோடு ஒரே கோட்டில் வருமாறு பிடியுங்கள். பிடியைத் திருகாமலே ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் சதை டிரிகரின் நடுவில் படிய வேண்டும். எட்டவில்லை என்று துப்பாக்கியைக் கைக்குள் திருப்பிப் பிடித்தால் உதை கட்டைவிரல் எலும்பில் இறங்கும். பின்பிடித் தகடு மாற்றக்கூடிய பிஸ்டல்கள் இருக்கின்றன, உங்களுக்கு அதுதான் பொருத்தம் என்பது எங்கள் எண்ணம். இந்த அப்பா ரிவால்வர் விஷயத்தில் ஒன்று: பழுதானது வீட்டு அலமாரியில் 'நினைவாக' இருந்துவிடக் கூடாது. என்ன செய்ய வேண்டும் என்பதை லைசென்ஸ் பிரிவில் கேட்டு எழுத்தில் முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சங்கத்தில் ஒருவர் தம் பழைய 9 மி.மீ. பிஸ்டலை விற்கிறார். எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— பட்டர்வொர்த்

பதில்: மேகசினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னிழுத்துப் பூட்டி, சேம்பரைக் கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பாருங்கள். பிறகு பிரித்துத் தரச் சொல்லி, குழலின் உள்ளே வெளிச்சம் பாய்ச்சுங்கள். நடுவில் கருத்த வளையம் ஒன்று தெரிந்தால் விட்டுவிடலாம். மருந்தில்லாத தோட்டாவின் குண்டு குழலில் சிக்கி நிற்க, அதன் பின்னால் இன்னொன்று சுடப்பட்டு உலோகம் வீங்கிய தடம் அது. காலிக் கூட்டை இழுத்தெடுக்கும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கி முனை தேய்ந்திருக்கிறதா, மேகசினின் வாய் உதடுகள் விரிந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தீராத சிக்கலில் பாதிக்கு மேகசின்தான் காரணம். ஸ்லைடை முன்னே தள்ளும் ரிகாயில் ஸ்பிரிங் எத்தனை தோட்டாவுக்கு முன்பு மாற்றப்பட்டது என்று கேளுங்கள். ஐயாயிரம் தாண்டியிருந்தால் புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளும் செலவை விலையில் கழிக்கலாம். சீரியல் எண்ணை அவருடைய லைசென்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

'வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் பாருங்கள்' என்று அவர் நல்லெண்ணத்தில் சொன்னாலும் வாங்கிக்கொள்ளாதீர்கள். சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டின் கடுந்தண்டனைச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி.

கேள்வி: தோல் பெல்ட் உறையிலேயே வைத்திருந்த தோட்டாக்களில் பச்சை படிந்திருக்கிறது. துடைத்துவிட்டுச் சுடலாமா?
— ஜார்ஜ்டவுன்

பதில்: தோலைப் பதப்படுத்திய ரசாயனமும் நம் ஊர்க் கடற்காற்றின் ஈரமும் பித்தளையைத் தின்ற அடையாளம் அது. லேசான மங்கல் என்றால் உலர்ந்த துணியால் துடைத்து, சுடுதளத்தில் முதலில் அவற்றைத் தீர்த்துவிடலாம். நகத்தில் குழி தட்டுப்பட்டால், பிரைமரைச் சுற்றிப் பச்சை ஏறியிருந்தால் வேண்டாம். குப்பையிலும் போடாதீர்கள், வாங்கிய கடையிலோ போலீசிலோ ஒப்படையுங்கள். டபிள்யூடி-40 அடித்துத் துடைப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த எண்ணெய் பிரைமருக்குள் இறங்கித் தோட்டாவைச் செத்துப்போகச் செய்யும். வாங்கிய அட்டைப் பெட்டியிலேயே, ரப்பர் விளிம்புள்ள டப்பாவுக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துப் பூட்டுங்கள். துப்பாக்கியைத் தனியே பூட்டுங்கள்.

இன்னொன்று. தினமும் ஏற்றி இறக்கும்போது அதே மேல்தோட்டாவையே சேம்பருக்கு அனுப்பாதீர்கள். ஒவ்வொரு முறையும் மோதி மோதி அதன் குண்டு கூட்டுக்குள் பின்தள்ளப்படும், உள்ளிடம் சுருங்க அழுத்தம் எகிறும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

கேள்வி: பையன் ஆன்லைனில் ஜெல் உருண்டைகளைச் சுடும் ஜெல் பிளாஸ்டர் ஆர்டர் செய்யக் கேட்கிறான். பொம்மைதானே?
— செந்தூல்

பதில்: விற்பவருக்குப் பொம்மை. ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவில் போலி ஆயுதம் என்றே ஒரு குற்றம் இருக்கிறது, பார்சல் உங்கள் பெயரில்தான் வரும். சுடும் ஆசை இருந்தால் சங்கம் ஒன்றில் ஏர் பிஸ்டல் பயிற்சிக்கு எத்தனை வயதில் சேர்க்கிறார்கள் என்று விசாரியுங்கள்.