பக்கவாட்டில் வெறும் கோடாகத் தெரியும் கேலக்ஸியை, சுருள் கேலக்ஸி என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

நியாயமான சந்தேகம். கைகளே தெரியாதபோது 'சுருள்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தோன்றும். சுருள் கைகள் உருவாக என்னென்ன வேண்டுமோ அவை அங்கே இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். ஒரே ஒரு கேலக்ஸியை வைத்துச் சொல்கிறேன்.

என்ஜிசி 4565 ('என்ஜிசி' என்பது ஒரு விண்பொருள் பட்டியலின் சுருக்கப்பெயர்). கோமா பெரனிசஸ் விண்மீன் குழுவின் திசையில், சுமார் 4 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. 1785-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். ஊசி கேலக்ஸி என்பது செல்லப்பெயர். என் 8 அங்குலத் தொலைநோக்கியில் இது சாம்பல் நிறக் கீற்றாகத்தான் தெரியும். நேராக உற்றுப் பார்த்தால் பாதி மறைந்துவிடும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் கீற்று இருபுறமும் நீளும், நடுவில் சின்னதாக ஒரு புடைப்பு எழும். நல்ல இருட்டு இருந்தால் அந்தப் புடைப்பின் குறுக்கே ஒரு கருங்கோடு போவதும் பிடிபடும். படங்களில் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும், எனக்கு இந்தக் கருங்கோடு ஒன்றே போதும்.

அந்தக் கோடு தூசு. விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் கரி, சிலிக்கேட் துகள்கள், பின்னால் இருந்து வரும் ஒளியை, அதிலும் நீல ஒளியை அதிகமாக, மறைக்கின்றன. தூசு இருக்கும் இடத்தில் பொதுவாகக் குளிர்ந்த வாயுவும் இருக்கும். வாயு மேகங்கள் மோதி மோதி ஆற்றலை இழக்கும், ஆனால் சுழற்சியை விடாது. அதனால்தான் அவை தட்டையான வட்டாகப் படிகின்றன. எவ்வளவு தட்டை என்றால், நம் பால்வீதியின் வட்டு கிட்டத்தட்ட 1,00,000 ஒளியாண்டு அகலம், 1,000 ஒளியாண்டு தடிமன். பழைய பாட்டு சிடி ஒன்றை விளிம்போடு பார்த்தால் தெரியும் அதே விகிதம்.

சரி, தூசுக்கோடு இருந்தாலே சுருள் என்று முடித்துவிடலாமா? முடியாது. என்ஜிசி 5866-ஐப் பாருங்கள். அதுவும் விளிம்போடு தெரிகிறது, நடுவில் கத்தியால் கீறியது மாதிரி மெல்லிய தூசுக்கோடும் இருக்கிறது. ஆனாலும் அதை வில்லை வடிவ கேலக்ஸி என்றே வகைப்படுத்துகிறார்கள். வட்டு உண்டு, கைகள் இல்லை. வேறுபாடு புதிய விண்மீன்கள் பிறப்பதில்தான். சுருள் கேலக்ஸியின் வட்டில் இளம் வயது நீல விண்மீன் கூட்டங்களும், அயனியான (எலக்ட்ரானை இழந்த) ஹைட்ரஜனின் சிவந்த திட்டுகளும் வரிசையாகக் கிடக்கும். ரேடியோ தொலைநோக்கியில் 21 செ.மீ. அலைநீளத்தில் பார்த்தால் ஹைட்ரஜன் வாயு ஏராளமாகத் தெரியும். என்ஜிசி 4565-இல் இவை இருக்கின்றன. அந்த வாயு வட்டு ஓரங்களில் கொஞ்சம் வளைந்தும் இருக்கிறது.

அப்புறம் சுழற்சி. விளிம்போடு பார்ப்பதில் ஒரு பெரிய லாபம் இங்கேதான். ஒரு பக்கம் நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் விலகிப் போகிறது, வேகம் முழுவதும் டாப்ளர் விளைவில் (நெருங்கும் பொருளின் ஒளி நீலப் பக்கமும், விலகும் பொருளின் ஒளி சிவப்புப் பக்கமும் நகர்வதில்) அப்படியே பதிவாகும். என்ஜிசி 4565 நொடிக்குச் சுமார் 250 கி.மீ. வேகத்தில் சுழல்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். இந்த கேலக்ஸி துல்லியமாக விளிம்போடு இல்லை, சில பாகை சாய்ந்திருக்கிறது. அதனால் தூசுக்கோடு புடைப்பின் நடுவே போகாமல் சற்றே ஒதுங்கிப் போகிறது. நமக்கு அருகில் உள்ள பாதியின் தூசு புடைப்புக்கு முன்னால் வருவதால் கருப்பாகத் தெரியும். தூரப் பாதியின் தூசு புடைப்பின் ஒளிக்குப் பின்னால் போய்விடும். ஆக, எந்த ஓரம் நமக்குப் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. எந்த முனை நம்மை நோக்கி வருகிறது என்பதை டாப்ளர் சொல்லிவிட்டது. இரண்டையும் சேர்த்தால் சுழலும் திசை கிடைக்கும். கைகள் அநேகமாக எப்போதுமே சுழற்சிக்குப் பின்தங்கித்தான் இழுபடும் என்பதால், அவை எந்தப் பக்கமாகச் சுருண்டிருக்கும் என்பதையும், ஒரு கையைக்கூடப் பார்க்காமலே சொல்லலாம்! இந்தப் 'பின்தங்குதல்' ஒரு காலத்தில் பெரிய சர்ச்சை. கைகள் முந்திக்கொண்டு போகின்றன என்று ஸ்வீடன் வானியலாளர் பெர்டில் லிண்ட்பிளாட் வாதாடினார். எட்வின் ஹபிள், சாய்ந்த கேலக்ஸிகளின் தூசு எந்தப் பக்கம் என்று பார்த்து, 1943-இல் எதிர் முடிவுக்கு வந்தார்.

என்ஜிசி 4565-இன் புடைப்பு உருண்டையாக இல்லாமல் பெட்டி மாதிரி இருக்கிறது. நடுவில் விண்மீன்களால் ஆன நீளமான தண்டு ஒன்று, ஏறத்தாழ நம்மை நோக்கி நீட்டிக்கொண்டு இருந்தால் இப்படித்தான் தெரியும். ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களில், தூசைத் தாண்டி, உள்ளே ஒரு வளையமும் தெரிந்தது.

கைகள் எத்தனை, எவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருக்கின்றன என்பதெல்லாம் இந்தக் கோணத்தில் ஊகம்தான். புடைப்பின் அளவையும் வாயுவின் அளவையும் வைத்து ஒரு வகை ஒதுக்குவார்கள். பட்டியல்களில் இதன் வகை 'எஸ்ஏ(எஸ்)பி?' என்று போட்டிருக்கும். முதல் 'எஸ்' என்றால் சுருள். 'ஏ' என்றால் தண்டு இல்லை என்று பொருள், அது இப்போது செல்லாது. கடைசியில் இருக்கும் கேள்விக்குறி அச்சுப்பிழை அல்ல, வகைப்படுத்தியவர்களே போட்டது.