ஒரே கூட்டில் இரண்டு குருவி: டீச்சரிடம் கேட்டவை

நோர்வூட்: டீச்சர், எங்கள் லயத்துக்குப் பின்னால் பட்ட மரம் ஒன்று நிற்கிறது. அதிலுள்ள பொந்துக்குள் குக்குறுவானும் போகிறது, மைனாவும் போகிறது. இரண்டும் சேர்ந்து குஞ்சு பொரிக்குமா?

பொரிக்காது தம்பி. இடத்துக்கான போட்டிதான் அது. மைனாவுக்குப் பொந்து குடையத் தெரியாது. குக்குறுவான் உளுத்த மரத்தைக் கொத்திக் கொத்தி, தன் உடம்பு நுழையும் அளவுக்கு வட்டமாக வாசல் வைக்கும். குடைகிற நாட்களில் மரத்தடியில் தூள் உதிர்ந்து கிடக்கும். முடித்ததும் மைனா வந்து மிரட்டும். கிளியும் குண்டுக்கரிச்சானும் இப்படி ஆயத்தப் பொந்தைத் தேடுகிறவைதான். யார் வென்றது என்று அறிய, உள்ளே போகிற பறவையின் அலகைப் பாருங்கள். புல்லும் சருகும் தூக்கிப் போனால் மைனா குடியேறிவிட்டது. குக்குறுவான் உள்ளே எதையும் விரிப்பதில்லை, மரத்தூள் மேலேயே முட்டையிடும். தயவுசெய்து அந்த மரத்தை விறகுக்கு வெட்ட விடாதீர்கள். பொந்து குறையக் குறையச் சண்டை கூடும்.

கம்பளை: காக்கைக் கூட்டில் குயில் குஞ்சும் காக்கைக் குஞ்சும் ஒன்றாக இருக்கின்றன. குயில் மற்றதைத் தள்ளிவிடாதா?

எல்லாக் குயிலும் தள்ளுவதில்லை மகள். ஐரோப்பாவில் கூவும் குயிலின் குஞ்சு, கண் திறக்குமுன்பே மற்ற முட்டைகளை முதுகில் ஏற்றி வெளியே உருட்டிவிடும். நம் ஊர்க் குயிலின் குஞ்சு பெரும்பாலும் அப்படிச் செய்யாது. ஆனால் குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும், காக்கை முட்டைக்கு இன்னும் சில நாள் வேண்டும். முந்திப் பிறந்தது முந்தி வாய் திறக்கும். பின்னால் வந்த காக்கைக் குஞ்சு பசியில் மெலிவதும் உண்டு, தப்பி வளர்வதும் உண்டு.

பண்டாரவளை: தவிட்டுக்குருவிக் கூட்டில் நீல முட்டைகள். ஒன்று மட்டும் கொஞ்சம் பெரிது. எடுத்து எறியலாமா?

வேண்டாம். அக்காக்குயிலும் சுடலைக்குயிலும் தவிட்டுக்குருவியின் கூட்டில், அதன் முட்டை நிறத்திலேயே நீல முட்டையிடும். அளவை வைத்துக் கண்ணால் தீர்ப்புச் சொன்னால், குருவியின் சொந்த முட்டையையே எறிந்துவிடுவீர்கள்.

ஹட்டன்: கடை முகப்பில் தகைவிலான் கட்டிய மண் கூட்டிலிருந்து வைக்கோல் தொங்குகிறது.

சிட்டுக்குருவி புகுந்திருக்கும். தகைவிலான் ஈரமண்ணை உருண்டை உருண்டையாக ஒட்டிக் கட்டும், வைக்கோலைத் தொங்க விடாது. முட்டை இருந்தால் சிட்டுக்குருவியைக் கலைக்காதீர்கள். தகைவிலான் பக்கத்தில் இன்னொன்று கட்டிக்கொள்ளும்.

நானுஓயா: அப்படியென்றால் நிம்மதியாகச் சேர்ந்து வாழ்கிற பறவைகளே இல்லையா டீச்சர்?

இருக்கின்றன. ஐரோப்பாவில் செங்கால் நாரையின் பெரிய குச்சிக் கூட்டுக்கு அடியில், இடுக்குகளில் சிட்டுக்குருவிகள் தனிக்கூடு வைக்கும். தென்னாப்பிரிக்காவில் தூக்கணாங்குருவி இனம் ஒன்று பல அறைகளோடு மாபெரும் கூடு கட்டும். அதில் ஓர் அறையில் குட்டி வல்லூறு குடியிருக்கும். எப்போதாவது பக்கத்து அறைக் குஞ்சைத் தின்றும்விடும். கூரை ஒன்றுதான், அறை வேறு வேறு.